மணியின் வாலும் ரெக்ஸ் குட்டியின் பசியும்

மைன்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தில் நாய் பழக்குவது சுலபம். காட்டில் ஓநாய் கண்ணில் பட்டதும் கையில் எலும்பை எடுத்துக்கொண்டு நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு எலும்புக்கும் மூன்றில் ஒரு வாய்ப்பு. இதயங்கள் பறந்து, கழுத்தில் சிவப்புப் பட்டை ஏறி, அது உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது. இதை எப்படிச் செய்வது என்று காட்டும் வீடியோக்கள் கொட்டிக்கிடக்கின்றன. பழக்கிய நாயை உயிரோடும் தெம்போடும் வைத்திருப்பது பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. எனக்கு ஆட்டத்தில் பிடித்ததே அந்த இரண்டாவது வேலைதான்.

பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு மைன்கிராஃப்ட் உலகம் இருக்கிறது. அது எனக்கும் என் அக்கா மகளுக்கும் சொந்தம். அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். சனி ஞாயிறு வந்தால் இங்கேதான். அந்த உலகத்தில் மணி என்று ஒரு நாய், இரண்டு பூனை, ஒரு குதிரை, ஒரு கிளி, எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும் கோழிகள். அதுபோக, நண்பர்களோடு சேர்ந்து வாடகைக்கு எடுத்த சர்வரில் நான் ஆர்க் என்ற இன்னொரு ஆட்டமும் விளையாடுகிறேன். அங்கே டைனோசர்கள். இரண்டு ஆட்டங்களிலும் விலங்கு வளர்த்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. வளர்ப்பு விலங்கு நேருக்கு நேர் சண்டையில் சாவது குறைவு. அதை எங்கே, எப்படி, யார் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனோம் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

முதலில் மணி. மைன்கிராஃப்ட்டில் நாய்க்கு ஹெல்த் பார் கிடையாது. வால்தான் கணக்கு. உடம்பு முழுத் தெம்பில் இருந்தால் வால் நன்றாகத் தூக்கியிருக்கும். அடிபட அடிபட இறங்கிக்கொண்டே வரும். ஒரு குகையிலிருந்து வெளியே வந்ததும் நான் செய்யும் முதல் வேலை திரும்பி மணியின் வாலைப் பார்ப்பது. அக்கா மகளும் இப்போது அப்படித்தான். "மாமா, வால் எறங்கிடுச்சு, கறி எடுங்க" என்பாள். வைரம் கிடைத்ததைக்கூட அப்புறம்தான் சொல்லுவாள்.

பழக்கிய நாயின் உயிர்ப்புள்ளி முன்பு 20 ஆக இருந்தது. 2024 ஏப்ரலில் வந்த 1.20.5 பதிப்பில் அதை 40 ஆக்கினார்கள். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் நாய்க்கு அது தானாகத் திரும்பி ஏறாது என்பதை மறக்கக் கூடாது. நாம் வயிறாரச் சாப்பிட்டிருந்தால் நம் காயம் தானே ஆறும். குதிரைக்கும் மெல்ல மெல்ல ஆறும். நாய்க்கு அப்படி இல்லை. இன்று பட்ட அடி, நாம் கறி போடும் வரைக்கும் அப்படியே நிற்கும். ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்து, ஒன்றுமில்லாத ஒரு பள்ளத்தில் விழுந்து ஒரு நாள் செத்துப்போகும். பார்ப்பவர்களுக்கு அந்தப் பள்ளம்தான் காரணம் என்று தோன்றும்.

எந்த இறைச்சியும் ஆகும். ஜாம்பியைக் கொன்றால் கிடைக்கும் அழுகிய சதை நமக்கு வயிற்றைக் கெடுக்கும், நாய்க்கு ஒன்றும் செய்யாது. அதனால் ஜாம்பி சதையை யாரும் தூக்கி எறிய வேண்டாம், அதற்கென்று ஒரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வேகவைத்த மாட்டிறைச்சி ஒரு துண்டு, அழுகிய சதையைப் போல இரண்டு மடங்கு தேற்றும். அவசரத்துக்கு மாட்டிறைச்சி, வீட்டில் ஓய்வாக இருக்கும்போது ஜாம்பி சதை என்று நாங்கள் பிரித்து வைத்திருக்கிறோம். உடம்பு நிரம்பிய பிறகும் கறி போட்டால் நாயைச் சுற்றி இதயங்கள் பறக்கும், அது குட்டி போடுவதற்கான அறிகுறி. கறி வாங்கியும் இதயம் வரவில்லை என்றால் இன்னும் காயம் பாக்கி என்று அர்த்தம். வால் சரியாகத் தெரியாத இருட்டில் இது ரொம்ப உதவும்.

அதே பதிப்பில்தான் நாய்க்குக் கவசமும் வந்தது. அர்மடில்லோ என்ற விலங்கின் ஓட்டுத் துண்டு 6 வேண்டும். 2023 அக்டோபரில் நடந்த ரசிகர் வாக்கெடுப்பில் நண்டையும் பென்குயினையும் தோற்கடித்து ஆட்டத்துக்குள் வந்த விலங்கு அது. சவானா புல்வெளியில் கிடைக்கும். கொல்ல வேண்டியதில்லை, பிரஷ்ஷை எடுத்து நீவிவிட்டால் ஓட்டுத் துண்டு ஒன்று உதிர்த்துத் தரும். கிட்டே ஓடிப் போனால் பயந்து சுருண்டுகொள்ளும், அதனால் நடந்து போக வேண்டும். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். ஒரு விலங்கைக் காப்பாற்ற இன்னொரு விலங்கைக் கொல்லாமல், அதைப் பயமுறுத்தாமல், பொறுமையாக நீவிவிட வேண்டும் என்று ஒரு ஆட்டம் குழந்தைக்குச் சொல்வது சின்ன விஷயமில்லை. கவசம் போட்ட நாய் மேல் விழும் அடியைக் கவசமே வாங்கிக்கொள்ளும். அதில் விரிசல் விடுவது கண்ணுக்குத் தெரியும், புதிய ஓட்டுத் துண்டு கொடுத்துச் சரிசெய்யலாம். ஆனால் தண்ணீரில் மூழ்குவது, சுவருக்குள் மாட்டி மூச்சுத் திணறுவது, விஷம் இவற்றுக்கெல்லாம் கவசம் காப்பு இல்லை.

அப்போதே ஓநாயில் எட்டுப் புது வகைகளும் சேர்ந்தன. மரங்கள் அடர்த்தியில்லாத காட்டுப் பகுதியில் துருப் பிடித்த நிறத்தில் ஒன்று வரும். நம் தெருவில் செம்பழுப்பில் திரியும் நாட்டு நாய் நிறம் அப்படியே. மணி அந்த வகைதான், அதற்காகவே அவ்வளவு தூரம் போய்ப் பழக்கினோம்.

சரி, நாய் எப்படிச் சாகிறது? பழக்கிய விலங்கு செத்தால் அதன் சொந்தக்காரருக்குத் திரையில் ஒரு வரி வரும். எதனால் செத்தது என்றும் அதிலேயே இருக்கும். அம்பு பட்டதா, உயரத்திலிருந்து விழுந்ததா, மூழ்கியதா, லாவாவில் இறங்கியதா. எனக்குத் தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்ததில் லாவாவும் உயரமும்தான் அதிகம் வருகின்றன. காரணம் இதுதான். நாய் நம்மை விட்டு 12 கட்டத்துக்கு மேல் பின்தங்கினால் சட்டென்று நம் அருகில் வந்து தோன்றிவிடும். நாம் நிற்கும் இடம் ஒற்றைக் கல் அகலத்தில், இரண்டு பக்கமும் லாவா என்றால், அது வந்து நிற்கவும் திரும்பவும் இடமில்லை. நாம் அம்பு எய்யும் எலும்புக்கூடான ஸ்கெலிட்டனை அடித்தால் நாயும் பாயும், வழியில் என்ன இருக்கிறது என்று நம்மைப்போல யோசிக்காது. கிட்டே வந்து வெடிக்கும் கிரீப்பர் என்ற எதிரியிடம் மட்டும் போகாது, அதற்கு ஆட்டமே தடை போட்டிருக்கிறது. ஆனால் கிரீப்பர் நம்மைத் தேடி வந்து வெடிக்கும்போது நம் பக்கத்தில் நிற்பது யார்? நாய்தான்.

அதனால்தான் உட்காரவைப்பது இவ்வளவு முக்கியம். உட்கார்ந்த நாய் நம் பின்னால் தோன்றாது, வைத்த இடத்தில் இருக்கும். ஆனால் அடி பட்டால் எழுந்துவிடும். எழுந்தால் நம்மைத் தேடும். ஆகவே வெட்டவெளியில் உட்காரவைத்துவிட்டுப் போவது பாதி வேலை. கதவு சாத்திய அறை, மேலே கூரை, உள்ளே வெளிச்சம், பக்கத்தில் நெருப்போ கள்ளிச் செடியோ இல்லாத தரை. குதிரை லாயத்துக்கு இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: மூன்று தாமிரக் கட்டியில் செய்யும் இடிதாங்கி. மரக் கூரையில் இடி விழுந்து தீப்பிடித்தால் உள்ளே கட்டிய குதிரைக்குத் தப்ப வழியில்லை. கோழிப் பட்டியைப் பெரிதாகக் கட்டுங்கள். ஒரே கட்டத்துக்குள் 24 உயிர்களுக்கு மேல் நெருக்கியடித்தால் மூச்சு முட்டிச் சாக ஆரம்பிக்கும். நான் சொல்வது கம்ப்யூட்டரில் ஓடும் ஜாவா பதிப்புக்கு. கைபேசியில் ஓடும் பெட்ராக் பதிப்பில் சில எண்களும் நடத்தைகளும் மாறும்.

குதிரைக்கு வைக்கோல் கட்டு ஒன்று போட்டால் 20 புள்ளி ஏறும். குதிரையின் மொத்த உயிரே 15-லிருந்து 30 வரைதான் என்பதால் அது பெரிய மருந்து. பூனைக்குப் பச்சை மீன். பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாது. கிரீப்பர் அதைக் கண்டாலே ஒதுங்கும். மற்றவற்றைக் காப்பாற்ற அதை வாசலில் உட்காரவைப்பதுதான் எங்கள் வழக்கம்.

கிளிக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2017 ஜூனில் 1.12 பதிப்போடு கிளிகள் வந்தன. அது வெளிவருவதற்கு முந்தைய சோதனைப் பதிப்புகளில் கிளியைப் பழக்கக் குக்கீ கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஆட்டத்தில் குக்கீ என்பது கோதுமையும் கோகோவும் சேர்ந்தது. கோகோவில் தியோப்ரோமின் என்ற பொருள் இருக்கிறது. மனிதருக்கு அது பெரிய தொந்தரவில்லை, பறவைகளுக்கும் நாய்களுக்கும் விஷம். நிஜக் கிளி வளர்க்கும் ஆட்டக்காரர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு குழந்தை வீட்டுக் கிளிக்குச் சாக்லேட் பிஸ்கட் நீட்டினால் என்ன ஆகும் என்பதுதான் அவர்கள் கேள்வி. தயாரிப்பாளர்கள் பழக்கும் தீனியை விதைகளாக மாற்றினார்கள். அதோடு விடவில்லை. இப்போது குக்கீ கொடுத்தால் கிளி அங்கேயே செத்துவிடும். கிளிக்குச் சாக்லேட் கொடுக்காதீர்கள் என்று தொடக்கத் திரையில் வந்துபோகும் மஞ்சள் வாசகங்களிலும் ஒன்றைச் சேர்த்தார்கள்.

இது வெறும் ஆட்ட விஷயமாக நிற்கவில்லை. எங்கள் தெருமுனை டீக்கடை வாசலில் நாலைந்து நாய்கள் படுத்திருக்கும். வருகிறவர்கள் பொறை வாங்கிப் போடுவார்கள். அந்தப் பக்கம் குடியிருக்கும் ஒரு பெரியவர், பாசத்தில், பேரனுக்கு வாங்கிய சாக்லேட் கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து அவற்றுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா மகள் என் கையை விட்டுவிட்டு அவரிடம் போனாள்.

"தாத்தா, சாக்லேட் நாய்க்கு ஆகாது. விஷம் மாதிரி. பொறை போடுங்க."

"யாரும்மா சொன்னது?"

"எங்க வீட்ல கிளி வளக்குறோம் தாத்தா, கம்ப்யூட்டர்ல. அதுல கத்துக்கிட்டேன். நாய்க்கும் அப்படித்தான்னு மாமா சொன்னாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான், ஆமாங்க, நிஜம்தான், கறுப்புச் சாக்லேட் என்றால் இன்னும் மோசம், வெங்காயமும் திராட்சையும்கூட நாய்க்குக் கூடாது என்றேன். அவர் பிஸ்கட் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் இரண்டு பொறை கேட்டார். அவளுக்கு அன்று ஏற்பட்ட பெருமையை நான் கெடுக்கவில்லை. வரும் வழியில் மட்டும் ஒன்று சொல்லிவைத்தேன். மணிக்கு அழுகிய சதை ஒத்துக்கொள்ளும், தெரு நாய்க்குக் கெட்டுப்போன கறி ஒத்துக்கொள்ளாது. ஆட்டத்தில் வால் தொங்கினால் கறி போட்டுத் தேற்றலாம். தெருவில் ஒரு நாய் வாலைத் தொங்கப்போட்டு முனகினால், வேப்பேரியில் 1903-லிருந்து இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

மைன்கிராஃப்ட் ஒரு விஷயத்தில் நம்மிடம் கருணையோடு இருக்கிறது. அங்கே நாய்க்குப் பசி கிடையாது. கம்ப்யூட்டரை அணைத்தால் நம் தனி உலகமும் நின்றுவிடும். பரீட்சை முடிந்து ஒரு மாதம் கழித்துத் திறந்தாலும் மணி அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆர்க் அப்படி இல்லை. நாம் தூங்கினாலும் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், விலங்குகளுக்குப் பசித்துக்கொண்டிருக்கும். உணவுப் பார் காலியானால் உயிர்ப் பார் குறையத் தொடங்கும்.

2015-இல் வெளிவந்த அந்த ஆட்டத்தில் விலங்கின் பலம் பழக்கும்போதே முடிவாகத் தொடங்கிவிடுகிறது. மயக்க அம்பு எய்து வீழ்த்தி, மயக்கம் தெளியாமல் நார்கோபெர்ரி ஊட்டி, பிடித்த தீனி வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அதற்கு அடி விழுந்தால் பழக்கலின் தரம் குறைந்து, எழும்போது கிடைக்க வேண்டிய கூடுதல் லெவல்கள் போய்விடும். மயங்கிக் கிடப்பதைச் சுற்றி முதலில் காவல் போட வேண்டும். அடிபட்ட மாமிச விலங்குக்குக் கறியைக் கட்டாயமாக ஊட்டினால் காயம் தேறும். தாவர உண்ணிகளுக்கு அந்த வழி இல்லை, அதற்கென்று காய்கறி கேக் சமைக்க வேண்டும். வளர்ந்த விலங்குகளுக்குத் தீனித் தொட்டி வைத்து நிரப்பினால் அவை தாமே எடுத்துச் சாப்பிடும்.

குட்டிகள் விஷயத்தில்தான் உயிர் போகும் வேலை. முட்டையிலிருந்தே தொடங்குகிறது. ரெக்ஸ் என்ற மாமிச டைனோசரின் முட்டை பொரிய 32 முதல் 34 டிகிரி வரை சூடு வேண்டும். எங்கள் ஊரின் சாதாரண நண்பகல் அது. ஆட்டத்தில் அந்தச் சூட்டைக் கொண்டுவர முட்டையைச் சுற்றி ஏசி இயந்திரங்களை அடுக்குவார்கள். சூடு ஏறினாலும் இறங்கினாலும் முட்டையின் உயிர் குறையும். பொரிந்த பிறகு முழு வளர்ச்சிக்கு, அதிகாரப்பூர்வ வேகத்தில், ஏறக்குறைய 4 நாள். அதில் முதல் 10 சதவீதம், அதாவது சுமார் 9 மணி நேரம், குட்டி தொட்டியிலிருந்து சாப்பிடாது. அதன் மேலேயே கறி இருக்க வேண்டும், நாம்தான் வைக்க வேண்டும். குட்டியால் கொஞ்சம்தான் சுமக்க முடியும். அதனால் விட்டு விட்டு வந்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் சர்வரில் அப்படி ஒரு ரெக்ஸ் குட்டி இருந்தது. வேகத்தை மாற்றாமல் அசலாகவே ஓட்ட வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தின் தீர்மானம். 3-ஆம் தேதி ஞாயிறு இரவு குட்டி பொரிந்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விடிவதற்குள் தெருவில் தண்ணீர் ஏறி, கரண்ட் போய்விட்டது. கைபேசியில் சிக்னல் வந்து வந்து போனது. எங்கள் ட்ரைபில், அதாவது ஆட்டக் குழுவில், திருச்சியில் இருக்கும் அண்ணன் ஒருவருக்கு, கிடைத்த ஒரு நிமிடத்தில் தட்டினேன்.

"அண்ணே, கரண்ட் இல்ல. குட்டி இன்னும் பத்து சதவீதம் தாண்டல. தொட்டில கறி இருக்கு, ஆனா அதுவா எடுக்காது. கையால வைக்கணும்."

ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்து விழுந்தது. "பாத்துக்கிறேன் தம்பி. நீ மொதல்ல வண்டிய மேட்டுல ஏத்து. அம்மாவுக்கு மாத்திரை இருக்கா?"

அன்றைக்கு அவர் வேலைக்கு நடுவே எழுந்து எழுந்து போய் அந்தக் குட்டிக்கு ஊட்டியிருக்கிறார். கரண்ட் வருவதற்குள் குட்டி அந்தக் கட்டத்தைத் தாண்டித் தொட்டிக்கு வந்துவிட்டது. நான் இல்லாததால் இம்பிரிண்ட், அதாவது வளர்ப்பவர் கூடவே இருந்து கவனிப்பதால் குட்டிக்குச் சேரும் பலம், முழுதாகக் கிடைக்கவில்லை. அது கிடைத்திருந்தால் அடிப்படைப் பலம் 20 சதவீதம் வரை ஏறியிருக்கும். அதில் எனக்கு வருத்தமே இல்லை. கையில் க்ரையோபாட் என்ற உறைகலம் இருந்தால் குட்டியை அதற்குள் போட்டுவிடலாம், வளராது, பசிக்காது. அப்போது எங்களிடம் இல்லை. இப்போது யாராவது முட்டை வைக்கிறார்கள் என்றால், அடுத்த பத்து மணி நேரத்துக்கு இரண்டாவது ஆள் யார் என்று குழுவில் முதலில் எழுதிவிட்டுத்தான் ஏசியைப் போடுகிறோம். பருவமழை மாதங்களில் அந்த இரண்டாவது ஆள் சென்னைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது நான் சேர்த்த விதி. ஊருக்குக் கிளம்புகிறவர் தொட்டியை நிரப்புவதோடு, பின்தொடர்வதை நிறுத்திவைத்திருக்கிறதா, தாக்கும் நிலை எதில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். கண்டதையெல்லாம் தாக்கும் நிலையில் விட்டுவிட்டால், எதையோ துரத்திக்கொண்டு தொட்டி எட்டாத தூரத்துக்குப் போய்ப் பட்டினியில் கிடக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு மைன்கிராஃப்ட்டில் இருக்கும் நெதர் என்ற நெருப்பு உலகம் பற்றியது. எங்கும் லாவா, பாலம்போல ஒடுங்கிய வழிகள், மேலிருந்து நெருப்பு துப்பும் காஸ்ட் என்ற பறக்கும் எதிரி. அக்கா மகளுக்கு மணியை அங்கே கூட்டிப் போக வேண்டும். கவசம் இருக்கிறதே என்பது அவள் வாதம். கவசம் கொஞ்ச நேரம் தாங்கும், அதற்குள் கரையேற மணிக்கு வழி வேண்டுமே என்பது என் வாதம். போன ஞாயிறு ஒரு முடிவுக்கு வந்தோம். மணி இந்தப் பக்கமே, கல்லில் கட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து திரும்பி வரும்போது கையில் என்ன கிடைத்திருந்தாலும், முதலில் அர்மடில்லோ தேடி சவானாவுக்குப் போவோம். கவசத்தில் இரண்டாவது விரிசல் விழுந்துவிட்டது.